தொண்ணூறு பவுண்டு

குளச்சலில் தடைக்காலம்.
விசைப்படகுகள் கயிற்றில் கிடந்து ஒன்றையொன்று உரசுகின்றன.
ஐஸ் ஆலையில் ஒரு வரிசைதான் ஓடுகிறது.
அம்மோனியா முள்ளைப் பார்த்து
மணிக்கொரு தடவை எழுதுவது என் வேலை:
நூற்றெண்பது. நூற்றெண்பது. நூற்றெழுபத்தைந்து.

தோபியாஸ் கைலிக்குள் சுற்றி
வெடிமருந்து கடத்துகிறவனைப்போல் வந்தான்.
கரும்பச்சைக் குப்பி. கழுத்தில் கம்பிக்கூண்டு.
"றெஜினாக்கா, இதைக் குளிர வைக்கணும்.
வீட்டு ஃப்ரிட்ஜுல வெச்சா கேள்வி வரும்."
சாளைப் பெட்டியை ரெண்டு தரம் அலசி
ஐஸை நொறுக்கிக் கழுத்துவரை புதைத்தேன்.

குளிரும்வரை சொன்னான்.
ஓப் என்று ஒரு பக்கம். ஷாம்பெயின் நாட்டின் தெற்கோரம்.
சொல்லத் தொடங்குமுன் தீர்ந்துவிடுகிற பெயர்.
சரிவெல்லாம் திராட்சை,
வரிசைக்கு நடுவே புல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்.
களைக்கொல்லி கிடையாது, உரமூட்டை கிடையாது,
உழுவது குதிரை,
பசுக்கொம்பில் சாணம் அடைத்துக்
குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைப்பார்களாம்.

"அப்போ பூஞ்சைக்கு?"
டீசல் இறக்க வந்த ஞானசிகாமணி கேட்டார்.
குலசேகரத்தில் நாலேக்கர் ரப்பர் அவருக்கு.
"துரிசு."
"நம்ம துரிசா?"
"நம்ம துரிசேதான். அளந்து அடிக்கணும், அவ்வளவுதான்."
அவர் முகம் தெளிந்தது.
பிரான்ஸ் ஒரு கேனை இழுத்துப் போட்டு
எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தது.

பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தான்.
கல் முழுக்கச் சிப்பி,
சுண்டுவிரல் நகத்துக்கும் சின்னது.
"கடல் எவ்வளவு தூரம்?"
"முன்னூறு கிலோமீட்டராவது இருக்கும்."
இங்கே கடல் நேற்றும் பத்தடி ரோட்டைத் தின்றது.
அங்கே எப்போதோ
கேட்காமலே விட்டுக்கொடுத்துப் போயிருக்கிறது.

சிப்பியைச் சுட்டு நீற்றிக்
கலயத்தில் தடவினால்
அக்கானி பொங்காது, இனிப்பாகவே நிற்கும்.
அதே சிப்பியில் வேர்விட்ட கொடியின் சாறு
அடைத்த குப்பிக்குள் இரண்டாம் தரமும் பொங்குகிறது.
சுண்ணாம்பிடம் கேட்டால்
இரண்டையும் நான்தான் செய்தேன் என்னுமா,
இரண்டிலும் எனக்குப் பங்கில்லை என்னுமா.

லேபிளில் நட்சத்திரங்களால் வரைந்த இலை.
மண்ணுக்கு விஷமில்லை என்பதற்கு முத்திரை.
"பறிக்கிறவனுக்கு?"
கிலோவுக்கு இவ்வளவு.
கையால்தான் பறிக்கணும், மெஷின் கூடாது, அது சட்டம்.
முப்பத்தெட்டு டிகிரி வெயில்.
ஒரு டெண்டில் பதினாறு பேர், பதினாறு பேருக்கு ஒரு பைப்பு.
டெண்ட் ஏஜெண்டுடையது.
முதலாளியம்மா நல்ல மனுஷி,
கடைசி நாள் ஆளுக்கொரு குப்பி கொடுத்தாள்.
"அந்த இலைக்குள்ள நாங்க இல்லக்கா," என்றான்
கோபம் எதுவும் இல்லாமல்,
குனிந்து ஐஸைத் தள்ளிக்கொண்டே.

"உள்ளே அழுத்தம் எவ்வளவு?"
எனக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி அது.
"தொண்ணூறு பவுண்டு."
என் முள்ளில் பாதி.
மோட்டார் இல்லை, பெல்ட் இல்லை, கரண்ட் பில் இல்லை.
இருட்டில் மூன்று வருடம் சும்மா படுத்துக் கிடந்து
தொண்ணூறு பவுண்டு.
முதல் தடவையாக அந்தக் குப்பிமேல் மரியாதை வந்தது.

கம்பியை அவிழ்த்தான். நாங்கள் சுவரோரம் ஒதுங்கினோம்.
தகரக்கூரைக்கு ஓட்டை விழும் என்று
ஞானசிகாமணி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.
அவன் தக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
குப்பியைத்தான் திருகினான்.
ஒரு பெருமூச்சு. அவ்வளவே.

ஸ்டீல் தம்ளரில் குமிழி தெரியவில்லை.
காதில் வைத்தேன்.
அலை திரும்பிப் போனபின்
மணலுக்குள் நுரை அவிகிற சத்தம்.
"கொள்ளாம்," என்றார் ஞானசிகாமணி, "புளிப்பு உண்டு."
ரெண்டாவது தம்ளரும் கேட்டார்.

மறுநாள் சூப்பர்வைசர் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.
ஏழு மணிக்கு நேராகத் தொண்ணூறு,
என் கையெழுத்தில்.
ஆலை நின்றதா என்றார்.
இல்லை சார், என்றேன்.
நோட்டின்மேல் பாரத்துக்கு வைத்திருந்த கல்லை
அவர் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.